பழைய டீசல் லாரியில் பேக் கம்ப்ரஷன்: ரிங்தான் காரணமா என்று எஞ்சினை இறக்காமல் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: ஆறு சிலிண்டர், டர்போ உள்ள பழைய லாரி எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப். ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது. எஞ்சினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் பைப் நுனியில் ஆயில் சொட்டுகிறது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் சில நேரம் தானாக மேலே எழும்பி நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்குமுன் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது. சிலிண்டரின் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்குவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். ஆனால் கிராங்க்கேஸுக்குள் காற்று புக ரிங் ஒன்று மட்டும் வழியல்ல. டர்போ, பிரேக் ஏர் கம்ப்ரசர், வேக்குவம் பம்ப், வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்), இன்ஜெக்டர் அடி வாஷர் என்று இன்னும் ஐந்து வழிகள் உண்டு. உள்ளே வரும் காற்று சரியாக இருந்தும் வெளியே போகும் பாதை அடைத்திருந்தால் அதே அறிகுறிகள்தான் தெரியும். இவற்றைப் பெரும்பாலும் எஞ்சினைத் தொடாமலே பிரித்துப் பார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைச் சுவர்), பிஸ்டன் செட் மாற்றிவிட்டு, அப்புறமும் புகை நிற்கவில்லை என்று தவிப்பது மிகவும் வருத்தமான செலவு.

முதலில் எது இயல்பு என்று தெரிய வேண்டும். புது எஞ்சினிலும் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். ரிங்கின் வாய் இடைவெளி முழுக்க மூடுவதில்லை. அதோடு, டாப் ரிங்கை லைனர் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த ஸ்பிரிங் விசையைவிட, ரிங்குக்குப் பின்னால் போய் நிற்கும் சிலிண்டர் வாயுவின் அழுத்தம்தான். ஸ்லோவில் அந்த அழுத்தம் குறைவு, ரிங்கின் பிடிப்பும் குறைவு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பிஸ்டன் முழுதாக விரிந்திருக்காது, இடைவெளிகள் எல்லாம் அதிகமாக இருக்கும். ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மூடியைத் திறந்து பார்ப்பது மிகக் கெட்ட நேரத்தில் பார்ப்பது. அப்போது வரும் வெள்ளைப் புகையில் ஒரு பகுதி, இரவில் சம்ப்பில் (அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) தங்கிய ஈரம் ஆவியாவதுதான். கூலன்ட் 80 டிகிரி தாண்டி, ஆயிலும் நன்றாகச் சூடான பிறகு பார்ப்பதே கணக்கில் சேரும்.

ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்து, அது ஆடுகிறதா, தூக்கி எறியப்படுகிறதா என்று பார்க்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அதை வைத்து எஞ்சினுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மூடி ராக்கர் கவர் (எஞ்சின் உச்சியில், வால்வுகளை இயக்கும் ராக்கர்களை மூடும் உறை) மேலே இருந்தால் ராக்கர் ஆட்டமும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து மூடியை ஆட்டும். பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸ் காற்றில் ஏற்படும் துடிப்பும் மூடியைத் தட்டும். அளவு எவ்வளவு, எந்த லோடில், எங்கிருந்து என்ற மூன்று கேள்விக்கும் அந்த மூடி பதில் சொல்லாது. சந்தேகம் எழுப்ப மட்டும் அது போதும்.

அளக்கத் தொடங்குமுன் பத்து நிமிடத்தில் முடியும் மூன்று வேலைகள். பிரீதரைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பி வலையையோ ஃபில்டரையோ பாருங்கள். கருப்புப் பசை அடைத்திருந்தால் டீசலில் ஊறவைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தி மாட்டுங்கள். காகித ஃபில்டராக இருந்தால் புதிது போடுங்கள். பிரீதர் ஹோஸை முழு நீளத்துக்கும் அழுத்திப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே உரிந்து ஒட்டிக்கொண்டு வழியை மூடியிருக்கும். அடுத்து ஆயில் மட்டம். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கி, மூடுபனி போல பிரீதர் வழியே தள்ளும். யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், பெரும்பாலும் ஃபீட் பம்ப் டயாஃப்ரம் அல்லது பம்ப் சீல் வழியே டீசல் இறங்குகிறது என்று பொருள். அந்த ஆயில் மெலிந்து டீசல் வாசனை அடிக்கும், ரிங்கும் லைனரும் அதனால் வேகமாகத் தேயும். மூன்றாவது தெர்மோஸ்டாட். பழைய லாரிகளில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், ஈரமும் பசையும் சேரும், லைனர் அரிப்பும் அதிகமாகும்.

இனி, வரும் புகையின் குணம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கவனம் போதும். கண் எரியும்படி எரிந்த டீசல் நெடி அடித்தால் எரிந்த வாயு வருகிறது: ரிங், எக்ஸாஸ்ட் வால்வு கைடு, இன்ஜெக்டர் வாஷர், டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் ஆகியவற்றில் ஒன்று. சூடான ஆயில் வாசனை மட்டும் என்றால் ஆயில் மூடுபனி. காற்று நிறைய வருகிறது, ஆனால் நெடியே இல்லை என்றால் அது வெறும் காற்று. ஏர் கம்ப்ரசரையோ வேக்குவம் பம்பையோ டர்போவின் கம்ப்ரசர் பக்கத்தையோ நோக்கிப் போங்கள்.

தாளத்தையும் கேளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. 600 ஆர்.பி.எம். ஸ்லோவில் அது வினாடிக்கு 5 முறை. ஆறு சிலிண்டரும் சேர்ந்தால் வினாடிக்கு 30, காதுக்கும் கைக்கும் அது தொடர் ஓட்டமாகத்தான் தெரியும். ஆகவே புகை சீராக ஊதினால் தேய்மானம் எல்லாச் சிலிண்டரிலும் பரவியிருக்கிறது, அல்லது காற்று வெளியிலிருந்து வருகிறது. தனித்தனியாக, கிட்டத்தட்ட எண்ணக்கூடிய வேகத்தில் 'புஃப் புஃப்' என்று தள்ளினால் ஒரே ஒரு சிலிண்டர் கெட்டிருக்கிறது: உடைந்த ரிங், விரிசல் விட்ட பிஸ்டன், அல்லது வாஷர் கசியும் இன்ஜெக்டர். இந்த ஒரு வித்தியாசமே முழு எஞ்சின் வேலையா, ஒரு சிலிண்டர் வேலையா என்பதைப் பாதி சொல்லிவிடும்.

இப்போது அளவு. இதற்கு வேண்டியது வாட்டர் மானோமீட்டர், அதாவது தண்ணீர் மட்டத்தை வைத்து அழுத்தம் அளக்கும் கருவி. சுமார் 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் டியூபை ஒரு பலகையில் U வடிவில் கட்டுங்கள், ஒவ்வொரு காலும் 60 செ.மீ. உயரம் இருக்கட்டும். பாதி வரை நிறம் கலந்த தண்ணீர். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயோடு இணைத்து, மறு முனையைத் திறந்து விடுங்கள். சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக் குழாயின் கீழ் நுனி ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கும், அங்கே அளவு சரியாக வராது. அப்போது பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்து அங்கிருந்து எடுங்கள். துடிப்பால் தண்ணீர் குதித்தால் டியூபுக்குள் 1 மி.மீ. துளையுள்ள அடைப்பு ஒன்று வைத்தால் அடங்கும். தண்ணீர் தவறி எஞ்சினுக்குள் போகாமல் இருக்க இடையில் ஒரு காலி பாட்டில் வையுங்கள். அளவு என்பது இரண்டு கால்களின் மட்டத்துக்கும் இடையே உள்ள முழு உயர வித்தியாசம். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்து பாதியாக எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. 100 மி.மீ. தண்ணீர் என்பது கிட்டத்தட்ட 10 மில்லிபார்.

ஆனால் பிரீதர் திறந்தபடி இருக்கும்போது அழுத்தம் மட்டும் ஒன்றும் சொல்லாது. பிரீதர் அகலமாக இருந்தால் எவ்வளவு வாயு வந்தாலும் அழுத்தம் ஏறாது. அதனால் பிரீதர் வாயில், நடுவில் கூர்மையான விளிம்போடு துளையிட்ட ஒரு தகட்டைப் பொருத்தி, மற்ற எல்லாத் திறப்பையும் மூடிவிட வேண்டும். அப்போதுதான் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட முடியும். துளை 6 மி.மீ. என்றால் தோராயமாக 25 மி.மீ. தண்ணீருக்கு நிமிடத்துக்கு 22 லிட்டர், 50-க்கு 31, 100-க்கு 44, 200-க்கு 63 லிட்டர் வாயு போகிறது. துளை 10 மி.மீ. என்றால் 25-க்கு 61, 50-க்கு 87, 100-க்கு 122, 200-க்கு 173 லிட்டர். ஸ்லோவுக்கு 6 மி.மீ., லோடு சோதனைக்கு 10 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். அளவு 300 மி.மீ. தாண்டினால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுப் பெரிய துளைக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் ஆயில் சீல் பிதுங்கும். பிரீதரை முழுக்க அடைத்துச் சோதிப்பது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இந்த எண்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அழுத்தம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்குதான். போன முறை 50 மி.மீ., இந்த முறை 200 மி.மீ. என்றால் பேக் கம்ப்ரஷன் நான்கு மடங்காகிவிட்டது என்று பதற வேண்டாம், இரண்டு மடங்காகியிருக்கிறது.

எவ்வளவு வரலாம்? உங்கள் எஞ்சின் மேனுவலில் துளை அளவும் வரம்பும் கொடுத்திருந்தால் அதுதான் இறுதி வார்த்தை. இல்லாவிட்டால் ஒரு கைக்கணக்கு உண்டு: முழு லோடில் எஞ்சின் இழுக்கும் காற்றில் ஒரு சதவீதம் வரை கீழே இறங்கினால் நல்ல நிலை, இரண்டு சதவீதத்தை நெருங்கினால் தேய்மானம் கணிசம். 6 லிட்டர் எஞ்சின் 2400 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு சுமார் 7200 லிட்டர் இழுக்கும். டர்போ இல்லாவிட்டால் ஒரு சதவீதம் 72 லிட்டர். டர்போ 1 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அப்போது 144 லிட்டர் வரை இயல்பு. 10 மி.மீ. துளையில் அது சுமார் 140 மி.மீ. தண்ணீர்.

முக்கியமானது, இந்த அளவை லோடில் எடுக்க வேண்டும். நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதில் சிலிண்டர் அழுத்தம் ஏறுவதில்லை. டைனமோமீட்டர் இல்லாவிட்டால் சரக்கு ஏற்றிய வண்டியில் மேட்டில், முழு ஆக்சிலரேட்டரில், வேகம் மாறாமல் அரை நிமிடம் இழுக்கும் கியரில் எடுங்கள். டியூபை கேபினுக்குள் கொண்டுவந்து, படிக்கும் வேலையை உடன் வருபவரிடம் விடுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும்.

அளவு அதிகம் என்று உறுதியான பிறகுதான் ஆளைத் தேடும் வேலை. எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

ஏர் கம்ப்ரசர். எஞ்சின் ஆயிலில் ஓடும் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்தால் அது அழுத்தும் காற்று, ஆயில் திரும்பும் வழியே நேராக எஞ்சினுக்குள் வரும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஸ்லோவுக்குச் சற்று மேலே ஒரே வேகத்தில் ஓட விடுங்கள். காற்று டேங்க் நிறைந்து கவர்னர் கட்-அவுட் ஆனதும் (கம்ப்ரசர் ஏற்றுவதை நிறுத்தியதும்), பல வண்டிகளில் அது 8 பார் அருகே, மானோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காற்றைக் குறைத்து, கம்ப்ரசர் மறுபடி ஏற்றத் தொடங்கும்போது பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்துவதில்லை, அதனால் கசிவும் இல்லை. ஏற்றும்போது அளவு தெளிவாக எகிறினால் உங்கள் 'ரிங் போன எஞ்சின்' உண்மையில் ரிங் போன கம்ப்ரசர். டேங்க் வடிகாலைத் திறந்தால் ஆயில் வருவதும், காற்று ஏற நேரம் எடுப்பதும் இதை உறுதிப்படுத்தும். ஐந்து நிமிடச் சோதனை இது, விட்டுவிடாதீர்கள்.

வேக்குவம் பம்ப் உள்ள வண்டிகளில், குறிப்பாக ஆல்டர்னேட்டர் பின்னால் பம்ப் உள்ளவற்றில், பிரேக் பூஸ்டரிலிருந்து இழுத்த காற்றைப் பம்ப் கிராங்க்கேஸுக்குள்தான் தள்ளும். லைன் இறுக்கமாக இருந்தால் வேக்குவம் நிறைந்ததும் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். ஹோஸில் வெடிப்போ பூஸ்டர் டயாஃப்ரமில் கிழிசலோ இருந்தால் நாள் முழுதும் வெளிக்காற்று எஞ்சினுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஹோஸைப் பம்பில் கழற்றி, பம்பின் வாயை அடையுங்கள். அளவு இறங்கினால் கசிவு வேக்குவம் லைனில். நின்ற வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள், பிரேக் உதவி இருக்காது.

டர்போ விஷயத்தில் காரணமும் விளைவும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. டர்போ ஷாஃப்டின் இரு பக்கமும் இருப்பவை ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையங்கள். அவை தேய்ந்தால் பூஸ்ட் காற்றும் எக்ஸாஸ்ட் வாயுவும் டர்போவின் ஆயில் வடிகால் வழியே சம்ப்புக்கு வரும். இது காரணம். மறுபுறம், கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினால் டர்போ ஆயில் கீழே இறங்க முடியாமல் தேங்கி, இரு பக்கமும் கசியும். இது விளைவு. இன்டேக் பைப்பில் ஆயில் இருக்கிறது என்று டர்போ மாற்றியும் புதியதும் கசிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை மாற்றிய சில வாரத்தில் மறுபடி ஒழுகுவதற்கும் இதே விளக்கம்தான்.

பிரித்துப் பார்க்க: டர்போ ஆயில் வடிகால் பைப்பை பிளாக்கில் கழற்றி, பிளாக் துளையை அடைத்து, பைப்பை ஒரு வாளிக்குள் விடுங்கள். எஞ்சினை ஓட்டி, ஆக்சிலரேட்டரை ஏற்றி அளவு எடுங்கள். ஆயில் வேகமாக வாளிக்கு வரும் என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் மட்டம் பார்த்து ஆயிலை நிரப்புங்கள். அளவு பெரிதாக இறங்கி, வாளிக்குள் ஆயிலோடு காற்றும் புகையும் குமிழ் விட்டால் டர்போதான். நிறுத்திய பிறகு ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இயல்பு, ஆனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் வீல் கூண்டைத் தொடக் கூடாது. பூஸ்ட் இல்லாத நின்ற வண்டியில் டர்போ கசிவு முழுதாக வெளிப்படாது என்பதையும் மனதில் வையுங்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக் (புகைப் பாதையை மூடி வண்டியை மெதுவாக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது, பலரும் பயன்படுத்துவதில்லை. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடும்போது டீசல் நின்றிருக்கும், எரிதல் இல்லை, ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சில பார் அழுத்தம் ஏறும். அந்த நேரம் மானோமீட்டர் திடீரென்று உயர்ந்தால் வாயு எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து வருகிறது: எக்ஸாஸ்ட் வால்வு கைடு அல்லது டர்போவின் டர்பைன் பக்கம். வால்வு கைடு கசிவு கம்ப்ரஷன் சோதனையிலும், சிலிண்டருக்குள் காற்று கொடுத்துக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் சோதனையிலும் தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்போது வால்வு மூடியிருக்கும், கைடு வரை காற்றே போகாது. சிலிண்டர்கள் எல்லாம் நன்றாக இருந்தும் புகை வருகிறது என்றால் கைடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டர் ராக்கர் கவருக்கு உள்ளே இருக்கும் எஞ்சின்களில் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தாலும் எரிந்த வாயு நேராகக் கிராங்க்கேஸுக்கு வரும். கவரைக் கழற்றினால் அந்த இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் கருப்புத் தார் போல படிந்திருக்கும். வாஷர் மாற்றும்போது அது அமரும் இடத்தில் உள்ள கரியை முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும், பழைய வாஷரை மறுபடி போடக் கூடாது.

இவை எல்லாம் கழிந்த பிறகும் அளவு இறங்கவில்லை என்றால் சிலிண்டர்தான். எந்தச் சிலிண்டர்? மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் ஸ்லோவில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் முறையே தளர்த்தி, அந்தச் சிலிண்டர் எரியாமல் செய்து மானோமீட்டரைப் பாருங்கள். ஐந்து சிலிண்டருக்கும் சற்றே இறங்கி, ஒன்றுக்கு மட்டும் தாளமும் அளவும் சட்டென விழுந்தால் ஆள் கிடைத்துவிட்டது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை. சூடான எஞ்சின், முழு சார்ஜ் பேட்டரி, எல்லா இன்ஜெக்டரும் வெளியே, டீசல் நிறுத்தம், ஏர் ஃபில்டர் பாதை திறப்பு. பழைய நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் 25 முதல் 30 பார் வரை பொதுவாக வரும். மேனுவல் சொல்லும் குறைந்தபட்சத்தோடு, சிலிண்டர்களுக்குள் வித்தியாசத்தையும் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட 4 பார் குறைந்தால் அது பேச வேண்டிய விஷயம். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் எல்லாமே குறைவாகக் காட்டும், அதை எஞ்சின் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறைந்த சிலிண்டரில் ஆயில் ஊற்றிப் பார்க்கும் முறை பெட்ரோல் எஞ்சினிலிருந்து வந்தது. டீசலில் அது ஏமாற்றும். ஒரு லிட்டர் சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 17 என்றால் பிஸ்டன் மேலே வந்தபோது எஞ்சும் இடம் சுமார் 62 மி.லி. தான். அதில் 10 மி.லி. ஆயில் ஊற்றினால் இடம் 52 ஆகி, விகிதமே 20-ஐத் தாண்டிவிடும். ரிங் எந்த நிலையில் இருந்தாலும் மீட்டர் ஏறும். நிறைய ஊற்றினால் பிஸ்டன் ஆயிலில் முட்டி கனெக்டிங் ராட் வளையும். செய்தே தீர வேண்டும் என்றால் 5 மி.லி. மேல் வேண்டாம். அதையும் நன்றாக இருக்கும் ஒரு சிலிண்டரிலும் ஊற்றி ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

இதைவிட லீக்-டவுன் சோதனை நம்பகமானது. பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, இன்ஜெக்டர் துளை வழியே 6 பார் காற்று கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். காற்று கொடுத்ததும் கிராங்க் சுழல முயலும். ஃபிளைவீலை லாக் செய்யாமல் யாரும் ஃபேன் பக்கமோ பெல்ட் பக்கமோ கை வைக்கக் கூடாது. ஓடிய எஞ்சினில் 20 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம், 30-க்கு மேல் போனால் பழுது. எண்ணைவிடக் காது முக்கியம். ஆயில் மூடியில் சீறினால் ரிங், பிஸ்டன், லைனர். இன்டேக்கில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

ரிங்தான் என்று முடிவானாலும் ஏன் என்று கேட்காமல் பாகம் வாங்கக் கூடாது. மிகக் கொடிய காரணம் தூசி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ ரப்பர் பெல்லோஸில் வெடிப்பு இருந்தாலோ போதும், டாப் ரிங்கும் லைனரின் மேல் பகுதியும் அரைக்கப்பட்டுவிடும். ஃபில்டருக்குப் பின்னாலுள்ள பைப்பின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டர்போ கம்ப்ரசர் இதழ்களின் முன் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினால் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து உயர்ந்திருப்பது தூசியைக் காட்டும், குரோமியம் ரிங்கையும் இரும்பு லைனரையும் காட்டும். தூசி புகும் இந்த வழியை மூடாமல் போடும் புது ரிங் செட்டுக்கும் அதே கதிதான்.

மணிக்கணக்காக ஸ்லோவில் நின்று ஓடும் வண்டியில் காரணம் வேறாக இருக்கலாம்: ரிங் கரியால் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது லைனர் கண்ணாடி போல பளபளப்பாகி ஆயிலைப் பிடிக்காமல் போயிருக்கும். ஒட்டிய ரிங்குக்கு, சரியான தரத்தில் புது ஆயில் போட்டு, நல்ல சுமையில் சில நூறு கிலோமீட்டர் இழுக்க விட்டு மறுபடி அளப்பது முயல வேண்டிய வழி. அளவு இறங்கத் தொடங்கினால் தொடருங்கள். பளபளப்பான லைனர் மட்டும் ஓட்டத்தால் குணமாகாது, ஹோனிங் (சுவரில் நுண்ணிய கீறல் போடுதல்) செய்ய வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும் நிலை வந்தால், லைனர் தேய்மானத்தை போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) இல்லாமலும் மதிப்பிடலாம். ஒரு ரிங்கை, பிஸ்டன் தொடாத லைனரின் அடிப்பகுதியில் நேராக வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளங்கள். அதே ரிங்கை மேலே, டாப் ரிங் திரும்பும் இடத்தில் வைத்து அளங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் தேய்ந்த அளவு. கீழே 0.60, மேலே 1.10 என்றால் வித்தியாசம் 0.50, தேய்மானம் 0.16 மி.மீ. ரிங்கின் முகம் 0.1 மி.மீ. தேய்ந்தால் வாய் இடைவெளி 0.63 மி.மீ. கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பேக் கம்ப்ரஷனில் எந்தப் பங்கு ரிங்குடையது, எந்தப் பங்கு லைனருடையது என்று புரியும். ரிங் பள்ளத்தின் பக்க இடைவெளியையும் அளங்கள். டாப் பள்ளம் சாய்வாக உள்ள பிஸ்டன்களில் ஃபீலர் கேஜ் சரியாகச் சொல்லாது, அதற்கு மேனுவல் சொல்லும் கேஜ் வேண்டும்.

லைனரில் மேலே விரல் நகம் தட்டும் படி உருவாகியிருந்தால் வெறும் ரிங் மட்டும் மாற்றாதீர்கள். புது டாப் ரிங்கின் கூரிய விளிம்பு அந்தப் படியில் மோதி உடையும். வெட் லைனர் (கூலன்ட் நேராகத் தொடும், கழற்றி மாற்றக்கூடிய லைனர்) எஞ்சினில் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே நியாயம். லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே போர் உள்ள எஞ்சினில் ரீபோர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

உடனே இறக்க வேண்டுமா என்பதற்கு: அளவு அதிகம், ஆனால் மாதக்கணக்காக ஒரே நிலையில் நிற்கிறது, குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, இழுவை குறையவில்லை, ஆயில் செலவும் கூடவில்லை என்றால் ஓட்டலாம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதே துளை, அதே சூடு, அதே மேடு என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு தனி எண்ணைவிட அது போகும் போக்குதான் உண்மையைச் சொல்லும். தாளத்தோடு தள்ளும் ஒற்றைச் சிலிண்டர் புகை என்றால் காத்திருக்காதீர்கள். உடைந்த ரிங் துண்டோ விரிசல் பிஸ்டனோ லைனரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

புகை கேபினுக்குள் வருகிறது என்று பிரீதர் ஹோஸை ஏர் இன்டேக்கில் செருகிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. பேக் கம்ப்ரஷன் அதிகமுள்ள எஞ்சினில் ஆயில் மூடுபனியே எரிபொருளாகி, டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காமல் வேகம் எடுத்துச் சிதறலாம். ஹோஸை நீட்டி, எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து விலகி, வண்டியின் அடியில் முடியும்படி விடுங்கள். வழியில் ஒரு ஆயில் பிடிக்கும் டப்பா வைத்து, அது நிறைகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள்.

எஞ்சின் வேலை முடிந்து வந்தால் முதல் சில மணி நேரம் ஸ்லோவில் நிறுத்தி 'ரன்னிங்-இன்' செய்யாதீர்கள். ரிங் லைனரோடு பொருந்த வாயு அழுத்தம் வேண்டும், அது மிதமான லோடில்தான் கிடைக்கும். ஸ்லோவில் விட்டால் புது லைனர் பளபளப்பாகி, புகை மறுபடி வரும். மேனுவல் சொல்லும் ரன்னிங்-இன் தூரம் முடிந்ததும் அதே மானோமீட்டரை மாட்டி லோடில் ஒரு அளவு எடுத்து, துளை அளவோடு சேர்த்து வண்டிப் பதிவேட்டில் எழுதுங்கள்.